அயல்நாட்டு உலா: கோட்டையும் காகிதமும்

நம் சங்கத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், மேற்படிப்பின் பொருட்டு ஸ்விட்சர்லாந்து தேசத்து லோசான் நகரில் தங்கியிருக்கும் தம் மகனைப் பார்த்துவர வரும் கோடையில் புறப்படுகிறார். "அந்த நாடு என்றாலே பனிமலை என்கிறார்கள். மலை ஏற என் முழங்கால் இடம் கொடாது. மலையை விட்டால் அங்கே பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லையா?" என்று நம்மிடம் வினவினார். நாக்பூரில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று பிள்ளைகளோ பெண்களோ ஐரோப்பாவில் உத்தியோகம் பார்ப்பதால், வேறு சில நேயர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றனர். ஆகவே இம்மாத உலாவை மலையடிவாரத்தோடு நிறுத்திக்கொண்டு, ஏரிக்கரையோரமாக அமைந்த பழைய கோட்டைகளையும் பொருட்காட்சிசாலைகளையும் சுற்றிவருவோம்.

நாம் பள்ளிப் பூகோளத்தில் ஜினீவா ஏரி என்று படித்த நீர்ப்பரப்பை அவ்வூரார் லெமான் என்கின்றனர். பிறைபோல் வளைந்து கிடக்கும் அந்த ஏரியின் வடகரையில் பெரும்பகுதியும், அங்கிருந்து வடக்கே நெஷாத்தேல் ஏரி வரை விரிந்த நிலமும் சேர்ந்ததே வோ என்னும் நாடு. ஸ்விட்சர்லாந்தின் 26 கான்டன்களுள், அதாவது நம் ராஜ்யங்கள் போன்ற பிரிவுகளுள், அதுவும் ஒன்று. தலைநகரம் லோசான். பேச்சுமொழி பிரெஞ்சு. எழுதுவது ஒருவிதமும் உச்சரிப்பது வேறுவிதமுமான ஊர்ப் பெயர்கள் அங்கே ஏராளம். நேயர்கள் அவற்றைக் காதில் விழும்படியே நாம் எழுதியிருப்பதைப் பொறுத்தருள வேண்டும்.

இந்நாட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சரித்திரச் செய்தியை மட்டும் மூட்டையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது. சவாய் வமிசத்துப் பிரபுக்களின் ஆட்சியில் இருந்த வோவை, 1536-ஆம் ஆண்டில், ஜெர்மன் மொழி பேசும் பேர்ன் நகரத்தார் படையெடுத்து வந்து கைப்பற்றினர். அன்று முதல் 1798 வரை, 262 ஆண்டுகள், பேர்ன் நகரத்துச் சில பெரிய குடும்பங்களுக்கு அடங்கிய சீமையாகவே வோ இருந்துவந்தது. 1803-இல்தான் மற்றக் கான்டன்களோடு சரிசமானமான உறுப்பாயிற்று. ஆகவே நாம் இன்று சீட்டு வாங்கி உள்ளே நுழையும் கோட்டைகளுள் பல, அங்குள்ள மக்களின் முன்னோர் கட்டியாண்ட கோட்டைகள் அல்ல. அவர்களை ஆண்டவர்கள் குடியிருந்த கச்சேரிகள். பேர்ன் அரசாங்கம் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் அதிகாரியை நியமித்துக் கோட்டையில் குடியேற்றியது. வரி வசூலும் அவரே, நீதியும் அவரே, சிறையும் அவர் வசமே. ஆறு ஆண்டுக் காலம் முடிந்ததும் அவர் திரும்பிப் போவார், அடுத்தவர் வருவார். மாற்றல் உத்தரவுகளுக்கு நடுவே வாழும் ரயில்வேக் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். ஆனால் அந்த அதிகாரி வெறுங்கையோடு திரும்பியதில்லை என்பதுதான் வித்தியாசம்.

விடுதலை கிடைத்த மறுநாளே அந்த வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்குவது மனித சுபாவம். வோவில் அவை பெரும்பாலும் நிற்கின்றன. ஏன் நிற்கின்றன என்ற கேள்வியோடு பார்த்தால், ஒவ்வொரு கோட்டையும் ஏதோ ஒரு விடை சொல்கிறது.

பிரயாண ஏற்பாட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் தொழில் அது. லோசானில் தங்கினால், நாம் கூறப்போகும் ஊர்கள் அனைத்தும் ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே 'ஸ்விஸ் டிராவல் பாஸ்' என்று ஒரு சீட்டு உண்டு. அதை வைத்துக்கொண்டு ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாவற்றிலும் ஏறலாம். அதோடு, தேசமெங்குமுள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொருட்காட்சிசாலைகளுக்கும் அதுவே அனுமதிச் சீட்டு. அங்கேயே குடியிருக்கும் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அவர்கள் ஆண்டுச் சீட்டான 'மியூஸியம் பாஸ்' வாங்கிக்கொள்ளலாம். ஸ்டேஷன்களில் வாயிற்கதவும் இல்லை, பிளாட்பாரச் சீட்டும் இல்லை. சீட்டுப் பரிசோதனை வண்டிக்குள்தான். ஆளைக் காணோமே என்று சீட்டில்லாமல் ஏறினால் அபராதம் கடுமை.

லோசான் நகரம் மேடும் பள்ளமுமானது. ஏரிக்கரையிலிருந்து பழைய ஊருக்கு நிமிர்ந்து பார்க்கும்படியான ஏற்றம். ஆயினும் 2008-ஆம் ஆண்டில் திறந்த மெட்ரோ ரயில் அந்த ஏற்றத்தை அலுங்காமல் கடத்திவிடுகிறது. உச்சியில் பெரிய மாதாகோயிலும், அதற்குச் சற்று வடக்கே சென்-மேர் என்னும் கோட்டையும் இருக்கின்றன. பதினான்காம் நூற்றாண்டின் முடிவில் பிஷப்புகளுக்காகக் கட்டத் தொடங்கிய சதுரக் கட்டடம் அது. 1536-இல் பிஷப் ஓடிப்போனார். பேர்ன் அதிகாரி குடிவந்தார். 1803 முதல் வோ அரசாங்கம் அங்கே வீற்றிருக்கிறது. இன்றும் அரசாங்கக் காரியாலயமாதலால் நினைத்தபோது உள்ளே போய்ப் பார்க்க இயலாது. வெளியே நின்று பார்த்தால் போதும்; பார்க்க வேண்டியது வெளியேதான் இருக்கிறது. கோட்டைச் சுவரையொட்டி ஒரு மனிதரின் சிலை நிற்கிறது. அவர் பெயர் மேஜர் தாவெல்.

குல்லி என்ற திராட்சைத் தோட்டத்துச் சிற்றூரில் பத்திரம் எழுதும் நோட்டரி உத்தியோகம் பார்த்தவர் தாவெல். போரிலும் பணியாற்றி மேஜர் பட்டம் பெற்றவர். 1723 மார்ச்சு 31 அன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட போர்வீரர்களை அணிவகுத்து லோசானுக்கு நடத்திவந்தார். எதற்காக வருகிறோம் என்பது வீரர்களுக்கே தெரியாது. நகரசபையார் முன் சென்று, பேர்ன் ஆட்சியின் குறைகளை வரிசையாக எழுதிய பத்திரத்தை நீட்டி, விடுதலையைப் பிரகடனம் செய்யும்படி கேட்டார். சபையார் சிரித்த முகத்தோடு உபசரித்தனர். இரவோடிரவாகப் பேர்னுக்குச் செய்தி அனுப்பினர். மறுநாள் காலையில் அவரைக் கைது செய்தவர்கள் அவர் விடுவிக்க வந்த அதே லோசான்காரர்கள். ஏப்ரல் 24 அன்று ஏரிக்கரையில் வீதி என்ற இடத்தில் அவர் தலையை வெட்டினர். சித்திரவதையிலும் தம்மோடு வேறு எவரும் கூடியிருந்ததாக அவர் சொல்லவில்லை.

கோட்டை இறங்கி ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தால் தாவெலின் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. ஸ்டேஷனை ஒட்டி முன்பு என்ஜின் கொட்டகைகள் இருந்த இடத்தில், 2019-இல், கான்டன் சித்திரசாலைக்குப் புதிய மாளிகை எழுப்பினர். 2022-இல் புகைப்படக் கலைக்கும் கைத்தொழில் வடிவமைப்புக்கும் மற்றொரு கட்டடம் சேர்ந்தது. அந்த வளாகத்துக்கு 'பத்தாம் பிளாட்பாரம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். பழைய கொட்டகையின் வில்வளைவு ஜன்னல் ஒன்றை இடிக்காமல் புதிய கூடத்துக்குள் விட்டுவைத்திருப்பதற்காக அந்தச் சிற்பிகளுக்கு ரயில்வே சிப்பந்திகள் சார்பில் நாம் ஒரு கும்பிடு போடுகிறோம்.

இச்சித்திரசாலையின் உடைமைகளுள் ஒன்று, எரிந்துபோன ஓவியத்தின் ஒரு துண்டு. ஷார்ல் கிளேர் என்னும் வோ நாட்டு ஓவியர், மோனே, ரெனுவார் முதலிய பெரிய சித்திரக்காரர்கள் பாரிஸில் பயின்றது இவரிடம்தான், 1850-இல் தாவெலின் கடைசி நிமிஷத்தைப் பெரிய படமாக வரைந்தார். வோ மக்கள் அதைத் தங்கள் நாட்டின் படம் என்றே கொண்டாடினர். 1980-ஆம் ஆண்டில் எவரோ ஒருவர் சித்திரசாலையிலேயே அதற்குத் தீ வைத்துவிட்டார். தாவெலின் உருவம் போயிற்று, கொலைக்களமும் போயிற்று. ஓரத்தில் நின்று முகம் கவிழ்ந்து அழும் ஒரு சாதாரணச் சிப்பாயின் உருவம் மட்டும் எஞ்சியது. நாயகர் எரிந்து, பெயரில்லாத ஒருவன் அழுதுகொண்டு நிற்கும் அத்துண்டைக் காட்டிலும் அந்த நிகழ்ச்சியை நன்றாகச் சொல்லும் படம் இருக்க முடியுமா என்பது நம் ஐயம்.

இனி ஷியோன். லோசானிலிருந்து ஏரிக்கரை ஓரமாகக் கிழக்கே செல்லும் வண்டியில் மோந்திரோ நகரைத் தாண்டியதும் வரும் சிறு ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். கப்பலிலும் போகலாம். நேரம் உள்ளவர்கள் கப்பலிலேயே போவது உசிதம். ஏனெனில் இக்கோட்டை கரையில் இல்லை. கரைக்கு வெகு அருகே, ஏரியிலிருந்து எழும்பும் ஒரு பாறையின் மேல், அப்பாறை எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே வளைந்து கட்டப்பட்டிருக்கிறது. இத்தாலிக்குச் செல்லும் பெரிய கணவாய்ப் பாதை இங்கே மலைக்கும் நீருக்கும் இடையில் ஒடுங்கிவிடுவதால், இந்த வாயிலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்குச் சுங்கம் தானாக வந்து சேர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் சவாய் பிரபுக்கள் அதை அனுபவித்தனர். கரைப் பக்கத்தைப் பாருங்கள்: குருட்டுச் சுவரும், அம்பு எய்யும் துளைகளும், கோபுரங்களும். ஏரிப் பக்கத்தைப் பாருங்கள்: வேலைப்பாடு மிக்க அகன்ற ஜன்னல்கள். பகை வரும் திசைக்கு ஒரு முகமும், காற்று வரும் திசைக்கு மற்றொரு முகமுமாக வாழ்ந்திருக்கின்றனர். 1861-இல் ரயில் பாதை போட்டவர்கள் கோட்டைக்கும் மலைக்கும் நடுவே இருந்த அதே சந்தில்தான் தண்டவாளத்தையும் நுழைத்தனர். 1969 முதல் அதற்கும் மேலே, மலைச்சரிவில், மோட்டார் ராஜபாட்டையின் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குமேல் நீண்டு செல்கிறது. எண்ணூறு ஆண்டுப் போக்குவரத்தையும் ஒரே பார்வையில் பார்க்க வேறு இடம் தேட வேண்டியதில்லை.

ஸ்விட்சர்லாந்தில் மிக அதிகமான ஜனங்கள் வந்து பார்க்கும் சரித்திரக் கட்டடம் இதுவே. மேல்தளங்களில் விசாலமான கூடங்கள், மரவேலை செய்த விதானங்கள், பிரபுவின் பள்ளியறைச் சுவரில் பதினான்காம் நூற்றாண்டில் தீட்டிய மிருகச் சித்திரங்கள். ஒரு கூடத்தில் பேர்ன் அதிகாரிகளின் குடும்பச் சின்னங்கள் சுவரில் வரிசையாக இருக்கின்றன. ஆறாண்டுக்கு ஒருவராக வந்து போனவர்களின் அட்டவணை என்றே அதைச் சொல்லலாம். ஏரியின் மேல் நீட்டிக் கட்டிய கழிப்பறைகளும் உள்ளன. குழந்தைகள் கூட்டம் அங்கேதான் அதிகம்.

கீழே இறங்கினால் கோயில் மண்டபம் போன்ற நிலவறை. வரிசையாகத் தூண்கள், வளைந்த கூரை, ஒரு பக்கச் சுவராக வெட்டாத பாறை. ஏரி நீரில் பட்ட வெயில் சிறு துளைகள் வழியே புகுந்து கூரையில் ஆடுகிறது. இங்கேதான் ஜினீவா நகரத்து மடாதிபதி போனிவார் சவாய் பிரபுவுக்கு எதிராகப் பேசிய குற்றத்துக்காக அடைபட்டிருந்தார். 1530 முதல் 1536 வரை ஆறு ஆண்டுச் சிறை. அதில் கடைசி நான்கு ஆண்டுகள் இந்த நிலவறையில். பேர்ன் படை வந்தபோது விடுதலையானார். 1816-இல் ஆங்கிலக் கவி பைரன் இவ்விடத்தைப் பார்த்துவிட்டு, மழையால் லோசான் துறையில் தங்க நேர்ந்தபோது, 'ஷியோன் கைதி' என்ற காவியத்தை எழுதினார். காவியத்துக் கைதியின் சகோதரர்கள் அவன் கண்ணெதிரே இதே சிறையில் மாள்கின்றனர். அது கவியின் கற்பனை. உண்மைப் போனிவாரோ விடுதலைக்குப் பின் ஜினீவா சென்று, அந்நகரத்தின் சரித்திரத்தை எழுதி, நான்கு முறை விவாகம் செய்துகொண்டு, 1570-இல் காலமானார். பைரன் தம் கையால் கீறியதாகச் சொல்லப்படும் பெயர் ஒரு தூணில் கண்ணாடிக்குப் பின்னே பாதுகாக்கப்படுகிறது. நம் ஊர்க் கோட்டைச் சுவர்களில் பெயர் கீறும் வாலிபர்கள் இதை உதாரணமாகக் கொள்ள வேண்டாம். முதலில் காவியம் எழுதிவிட்டு வரட்டும்.

பைரனால் போனிவாருக்கு உலகப்புகழ் வந்தது. அதே சுவர்களுக்குள் துன்புற்ற மற்றவர்களுக்குக் காவியம் கிடைக்கவில்லை. 1348-இல் கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சைக் கலந்தனர் என்ற வதந்தி கிளம்பிற்று. ஏரிக்கரை ஊர்களில் வாழ்ந்த யூதர்களைச் செப்டம்பர் மாதத்தில் ஷியோனில் வைத்துச் சித்திரவதை செய்தனர். வலி பொறுக்காமல் அவர்கள் ஒப்புக்கொண்டதெல்லாம் வாக்குமூலமாக எழுதப்பட்டது. அந்த எழுத்து ஸ்டிராஸ்பர்க் நகரத்துக்கு அனுப்பப்பட்டது. 1349 பிப்ரவரி 14 அன்று அந்நகரத்து யூதர்களைத் திரளாகத் தீயிலிட்டனர். பிற்காலத்தில் பேர்ன் ஆட்சியின்போது சூனியக்காரிகள் என்று பழி சுமத்தப்பட்ட பெண்களும் இங்கே அடைபட்டு, வாக்குமூலம் கொடுத்து, நெருப்புக்குப் போயினர். ஒரு கோட்டைக்குள் எழுதப்பட்ட தாள், கோட்டையை ஒருநாளும் பார்த்திராதவர்களையும் எரித்தது. மேல்மாடத்து ஜன்னலில் நின்று ஏரியின் அழகைப் பார்ப்பவர்கள் அந்தப் படிகளிலும் இறங்கி வரவேண்டும் என்பது நம் வேண்டுகோள். படிகள் மிக உண்டு; முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நிதானமாக இறங்கலாம், அவசரப்படுத்துவார் இல்லை. கிறிஸ்துமஸ் அன்றும் ஜனவரி முதல் நாளும் தவிர ஆண்டு முழுவதும் கோட்டை திறந்திருக்கும்.

ஷியோனுக்கு அப்பால் ஏகிள் என்ற ஊரில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் பொம்மை போல ஒரு கோட்டை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை அது ஜில்லாச் சிறை. இப்போது திராட்சையையும் மதுவையும் பற்றிய பொருட்காட்சிசாலை. மது அருந்தாத நம்மவர்களும் பழைய செக்குகளையும் மரப்பீப்பாய்களையும் பார்த்து வரலாம். அதற்கு மேல் அங்கே நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

நாம் மிகவும் முக்கியமாகக் கருதுவது, பிரயாணிகள் பெரும்பாலும் இறங்காத லா சாரா என்னும் சிற்றூர். லோசானிலிருந்து வலோர்ப் செல்லும் பாதையில் இருக்கிறது. அங்குள்ள கோட்டை பதினோராம் நூற்றாண்டில் தொடங்கியதாகக் கூறுவர். ஒரே பிரபு வமிசத்தின் கையில் பல நூற்றாண்டு இருந்ததால், நாற்காலி, படம், பீங்கான் எல்லாம் குடும்பத்தார் வைத்தது வைத்தபடியே காணப்படுகின்றன. அருகிலுள்ள பழைய ஜபக்கூடத்தில் பதினான்காம் நூற்றாண்டுப் பிரபு ஒருவரின் கல் உருவம் படுத்திருக்கிறது. முகத்தில் தவளைகளும், கைகால்களில் புழுக்களும் ஊர்வதாகச் செதுக்கியிருக்கின்றனர். உடல் என்ன ஆகும் என்பதை அவ்வளவு பச்சையாகச் சொல்லித் தம்மையே செதுக்கிக்கொண்ட பிரபு வேறு எங்கும் அதிகம் இருக்கமாட்டார். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

இந்தக் கோட்டையில் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு நடந்ததை நேயர்கள் கவனத்தோடு கேட்க வேண்டும். பேர்ன் ஆட்சி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒழிந்துவிட்டது. பிரபுக்களுக்குக் குடியானவர்கள் செலுத்திவந்த பழைய வரிகளும் தானியப் பங்குகளும் அதோடு ஒழிந்தன என்று மக்கள் நம்பியிருந்தனர். ஆனால் பணமுடைப்பட்ட புதிய அரசாங்கம் அவற்றை மறுபடியும் வசூலிக்கத் தலைப்பட்டது. எந்த வயலுக்கு எவ்வளவு, எந்தக் குடும்பம் எத்தனை மரக்கால் என்ற கணக்குப் புத்தகங்கள் கோட்டைகளின் பத்திர அறைகளில் பத்திரமாக இருந்தன. அன்றிரவு குடியானவர்கள் கூட்டமாக லா சாரா கோட்டைக்குள் புகுந்தனர். பிரபுவின் பீங்கானை உடைக்கவில்லை. கூரைக்குத் தீ வைக்கவில்லை. பத்திர அறையைத் திறந்து, ஏடுகளை வெளியே அள்ளிவந்து எரித்தனர்.

மே மாதத்தில் இது நாடு முழுவதும் பரவிற்று. லூயி ரேமோன் என்பவர் தலைமையில் கூட்டங்கள் கோட்டைக்குக் கோட்டை சென்று காகிதங்களைக் கேட்டு வாங்கிக் கொளுத்தின. 'காகிதம் எரிப்போர்' என்று பொருள்படும் 'பூர்லா-பப்பே' என்ற உள்ளூர்ச் சொல்லால் அவர்களைச் சரித்திரம் அழைக்கிறது. மனிதருக்குச் சமாதானம், காகிதத்துக்குப் போர் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. பிரெஞ்சுச் சிப்பாய்கள் வந்து கூட்டத்தைக் கலைத்தனர். தலைவர்களுக்குத் தண்டனை விதித்தனர். சில மாதங்களில் பொதுமன்னிப்பும் வந்தது. அந்த வரிகளோ சில ஆண்டுகளுக்குள் வோவை விட்டு மறைந்தன.

பதிவேடு எழுதுவதே ஜீவனோபாயமாக உள்ள நமக்கு இச்செய்தி வயிற்றைக் கலக்குகிறது என்பதை மறைக்கவில்லை. ஒரு லெட்ஜர் காணாமற்போனால் பென்ஷன் நின்றுபோகும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அன்று எரிந்த ஏடுகளோடு அந்த ஊர்களின் பழைய சரித்திரமும் பெருமளவு எரிந்தது. சரித்திர ஆசிரியர்கள் இன்றும் அதற்காக வருந்துகின்றனர். ஆயினும் அந்தக் குடியானவர்களின் கணக்கில் பிழை காண்பது கடினம். தங்களை அழுத்தியது சுவர் அல்ல, சுவருக்குள் இருந்த ஏடு என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். தங்கள் பாட்டன்மார் சுமந்த கல்லை மிச்சம் வைத்தனர். அதனால்தான் நாம் இன்று போய்ப் பார்க்கக் கோட்டை இருக்கிறது.

அதே லா சாராவுக்கு நம் தேசத்தோடு ஒரு தொடர்பும் உண்டு. அப்போதைய கோட்டைச் சீமாட்டி எலேன் தெ மாந்த்ரோ அம்மையாரின் அழைப்பின் பேரில், 1928 ஜூன் மாதம், ஐரோப்பாவின் புதுமைக் கட்டடச் சிற்பிகள் இங்கே கூடி நவீன கட்டடக் கலைக்கான சர்வதேச மகாசபையைத் தோற்றுவித்தனர். அவர்களுள் முக்கியமானவர் லெ கார்பூஸியே. பின்னாளில் பஞ்சாபுக்கு வந்து சண்டிகர் நகரைத் திட்டமிட்டவர் அவரே. பழைய பாணி ஒழிக என்று முழங்கியவர்கள் அதை முழங்குவதற்கு ஆயிரம் வருஷத்துக் கோட்டையைத் தேர்ந்தெடுத்தது வேடிக்கைதான்.

மேலும் வடக்கே இவெர்தோன். பிரெஞ்சு பேசும் ஸ்விட்சர்லாந்தின் முதல் ரயில் 1855-இல் இந்த ஊருக்கும் லோசானுக்கு அருகிலுள்ள புஸீன்யி என்ற இடத்துக்கும் இடையேதான் ஓடிற்று. ஊர் நடுவில் நான்கு மூலைக்கு நான்கு வட்டக் கோபுரத்தோடு சவாய் பிரபு பியேர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை நிற்கிறது. பேர்ன் அதிகாரி காலிசெய்த கோட்டையை என்ன செய்வது என்ற கேள்விக்கு இவ்வூரார் கண்ட விடையை நாம் மிகவும் மெச்சுகிறோம்: பள்ளிக்கூடம் வைத்தனர். 1805 முதல் 1825 வரை பெஸ்டலாஸி என்னும் பேராசான் அங்கே பாடசாலை நடத்தினார். புத்தகத்தை உருப்போடும் முறையை விட்டு, கண்ணால் கண்டு கையால் தொட்டுக் கற்கும் முறையைக் கைக்கொண்டவர். பூகோளப் பாடத்துக்குப் பிள்ளைகளை ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்று சுற்றிப் பார்க்கச் செய்வார். திரும்பும்போது களிமண் எடுத்துவந்து, பார்த்த மேடுபள்ளத்தை மேஜைமேல் அவர்களே பிடித்துவைக்க வேண்டும். வரைபடத்தைக் கையில் கொடுப்பது அதற்குப் பிறகுதான். கிண்டர்கார்ட்டன் முறையைத் தோற்றுவித்த பிரேபெல் இவரிடம் வந்து தங்கிப் பயின்றவர். நம் குழந்தைகள் முதல் வகுப்புக்கு முன்பு மணலிலும் மரக்கட்டையிலும் விளையாடிப் படிப்பதன் வேர் இங்கே இருக்கிறது. கோட்டைக்குள் உள்ள பொருட்காட்சிசாலையில் எகிப்து தேசத்து மம்மி ஒன்றும் உண்டு. சிறுவர்கள் பெஸ்டலாஸியை விட்டுவிட்டு அதைப் பார்க்க ஓடுவார்கள், விட்டுவிடுங்கள்.

இவெர்தோனுக்கு அடுத்த ஸ்டேஷன் கிரான்சோன். 1476 பிப்ரவரியில் பர்கண்டிப் பிரபு சார்லஸ் இக்கோட்டையைப் பிடித்து, சரணடைந்த காவற்படையினர் 400-க்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டும் ஏரியில் அமிழ்த்தியும் கொன்றார். சில நாட்களில், மார்ச்சு 2 அன்று, ஸ்விஸ் படை வந்தது. அவர் தம் நகை, கூடாரம், பீரங்கி அனைத்தையும் போட்டுவிட்டு ஓடினார். போர்க்கருவிகளில் விருப்பமுள்ளவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். மற்றவர்கள் ஏரிக்கரையில் நின்று கோட்டையைப் பார்த்தாலே போதும்.

லோசானுக்கு மேற்கே மோர்ஜ் கோட்டை ஆயுதக் கிடங்காக இருந்து ராணுவப் பொருட்காட்சிசாலை ஆயிற்று. ஈயச் சிப்பாய் பொம்மைகள் அணிவகுத்து நிற்பதைப் பார்க்கப் பையன்களை அழைத்துப் போகலாம். நியோன் கோட்டை, சிறையாகவும் இருந்தது, இப்போது பீங்கானுக்குப் பேர்பெற்றது. 1781 முதல் 1813 வரை அவ்வூரில் செய்த நேர்த்தியான கோப்பைகளை அங்கே காணலாம்.

நியோனுக்குப் பக்கத்து ஊர் பிரான்ஜான். அங்குள்ளது கோட்டை என்பதைவிட அரண்மனை; 1730-களில் கிகேர் என்ற பாங்க் முதலாளி கட்டியது. 1998 முதல் ஸ்விஸ் தேசியப் பொருட்காட்சிசாலையின் கிளை அங்கே நடைபெறுகிறது. திங்கட்கிழமை விடுமுறை. நம்மவர்கள் இங்கே தேடிப்போய்ப் பார்க்க வேண்டியது துணி. 'அந்தியென்' என்று அங்கே அழைக்கப்படும் சித்திரப் பருத்தித்துணிகளைப் பற்றி 2018-இல் பெரிய கண்காட்சி ஒன்று நடத்தினர்; அத்தகைய துணிகளை இவ்விடத்தில் சேகரித்துப் பாதுகாத்து வருகின்றனர். 'அந்தியென்' என்றால் 'இந்தியத் துணி' என்றே அர்த்தம்.

சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு, நாகப்பட்டினம் வரை, கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, படிகாரம் தடவி, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பேற்றிய துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பைத்தியம் பிடிக்க வைத்தன. துவைத்தாலும் போகாத சாயம் அவர்கள் அதுவரை கண்டதில்லை. தன் நெசவாளர்கள் பிழைப்புக் கெடுகிறது என்று பிரான்ஸ் 1686-இல் அத்துணியை இறக்குவதையும், அதைப் போல அச்சிடுவதையும் தடைசெய்தது. 1759 வரை தடை நீடித்தது. மதக் கொடுமைக்கு அஞ்சி அதே பிரான்ஸிலிருந்து ஓடிவந்த அகதிகள் பலர் ஜினீவாவிலும் நெஷாத்தேலிலும் அச்சுப்பட்டறைகளை நிறுவி, நம் கரைத்துணியைப் பார்த்துப் பார்த்து அச்சிட்டனர். ஊர்விட்டு வந்தவர்கள் கைத்தொழிலால் பிழைத்த அந்நாட்டில், 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழ்க் குடும்பங்களும் பல்லாயிரக்கணக்கில் வாழ்கின்றன.

அச்சுத்துணிகளின் பெரும் பங்கு கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. அங்கே மனிதர்களை அடிமைகளாக வாங்குவதற்கு அத்துணியே பணமாகப் பயன்பட்டது. அந்த வியாபாரத்தில் ஸ்விஸ் வணிகர்களும் பாங்க் முதலாளிகளும் முதல் போட்டனர். துணியின் அழகைக் காட்டும் அதே கூடத்தார் இதையும் மறைக்காமல் எடுத்துரைத்தனர். பூவும் கொடியும் பறவையும் எழுதிய அத்துணிகளைப் பார்க்கையில் நம் பெண்மணிகள் தங்கள் பாட்டியின் பெட்டியில் இருந்த கரையை அடையாளம் கண்டுகொள்வார்கள். விளக்கச் சீட்டுகளில் துணி வாங்கிய வணிகரின் பெயர் இருக்கும், அச்சிட்ட பட்டறையின் பெயரும் சில வேளை இருக்கும். சாயவேரைக் கிண்டி எடுத்தவர்களின் பெயரை நாம் எந்த ஏட்டிலும் காண முடியாது.